பிரிண்டுக்குப் போற போட்டோவுக்கு எவ்ளோ நேரம் உட்காரணும்?

பெங்களூர்ல கேமரா வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர், பாதிப் பேர் ஐடி வேலை, சனி ஞாயிறு வந்தா லால்பாக், கேஆர் மார்க்கெட், இல்லன்னா நந்தி மலைன்னு விடியறதுக்குள்ள கிளம்பிடுவாங்க, அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல உக்காந்திருப்பாங்க. பிரிண்ட் போடணும்னா ஒரு படத்துக்கு எவ்ளோ நேரம் எடிட் பண்ணணும், ஷார்ப்பனிங், அதாவது படத்தோட கூர்மையைக் கூட்டறது, எவ்ளோ வைக்கணும்னு என்கிட்ட கேக்காத ஆளே இல்ல. நான் திருப்பி மூணே விஷயம் கேப்பேன். என்ன சைஸ், என்ன பேப்பர், எங்க மாட்டப் போறீங்க? இந்த மூணுக்கும் பதில் இல்லாம எடிட்டிங்ல உக்காந்தா எங்க நிறுத்தறதுன்னே தெரியாது, ஸ்லைடரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கிட்டே இருப்போம்.

என்னோட கணக்கைச் சொல்லிடறேன். குடும்ப ஆல்பத்துக்குப் போற 4க்கு 6 இன்ச் பிரிண்ட்னா ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் போதும், க்ராப் பண்ணு, வெளிச்சத்தைச் சரி பண்ணு, அனுப்பு. 8க்கு 12னா பத்து பதினஞ்சு நிமிஷம். ஹால்ல மாட்டற 12க்கு 18, 20க்கு 30 மாதிரி பெரிய சைஸ்னா ஒரு மணி நேரம், நடுவுல ஒரு ராத்திரி கேப், அப்புறம் கண்டிப்பா ஒரு டெஸ்ட் பிரிண்ட். இந்த ஒரு மணி நேரத்துல ஷார்ப்பனிங்குக்குன்னு ஒதுக்கறது அஞ்சு நிமிஷம்தான். மத்த நேரம் எல்லாம் வெளிச்சத்துக்கும் கலருக்கும் போகணும். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல ஷார்ப்பனிங் எதுக்குன்னே பாத்துடலாம். டிஜிட்டல் கேமராவோட சென்சார்ல ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஒண்ணைத்தான் பாக்கும், மீதி ரெண்டையும் பக்கத்துப் பிக்சல்களை வச்சு சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு நிரப்பும். அதுலயே படம் லேசா மென்மையாயிடும். நிறைய கேமராவுல சென்சாருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் வேற இருக்கும், துணியோட நெசவு மாதிரி நுணுக்கமான இடத்துல கோடு கோடா அலை வராம இருக்க வேணும்னே கொஞ்சம் மங்கலாக்கற ஃபில்டர் அது. அதனால ரா ஃபைல், அதாவது கேமரா எதுவும் சரி பண்ணாம அப்படியே கொடுக்கற ஃபைல், எப்பவும் கொஞ்சம் சாஃப்டாதான் இருக்கும், உங்க லென்ஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. அப்புறம் பிரிண்ட் பண்ணும்போது இங்க் பேப்பர்ல கொஞ்சம் பரவும், பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல இன்னும் அதிகமா உறிஞ்சிக்கும், அங்க இன்னொரு தடவை கூர்மை குறையும். ஆக ரெண்டு இடத்துல குறையறதை ரெண்டு இடத்துல ஈடு கட்டணும். இதை முறையா பிரிச்சு எழுதினவர் டிஜிட்டல் எடிட்டிங் பத்திப் புத்தகம் எழுதின புரூஸ் ஃப்ரேசர், 2006ல இறந்துட்டார். கேமராவுல குறைஞ்சதுக்கு முதல்ல லேசா ஒண்ணு, கண்ணு மாதிரி நாம எடுத்துக் காட்ட நினைக்கற இடத்துக்கு மட்டும் நடுவுல ஒண்ணு, பேப்பருக்கும் சைஸுக்கும் ஏத்த மாதிரி கடைசியில ஒண்ணுன்னு மூணு கட்டம். இன்னிக்கு லைட்ரூம்ல எக்ஸ்போர்ட் பண்ற இடத்துல மேட், கிளாஸின்னு கேக்குதே, அது இந்த மூணாவது கட்டம்தான்.

ஃபோட்டோஷாப்ல ஷார்ப்பன் பண்ற வசதிக்கு இருக்கற அன்ஷார்ப் மாஸ்க்ங்கற பேரைப் பாத்து நிறைய பேர் குழம்புவாங்க. அது ஃபிலிம் காலத்து டார்க் ரூம் வேலை. நெகட்டிவ்ல இருந்து வேணும்னே மங்கலா ஒரு பாசிட்டிவ் காப்பி எடுத்து, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பிரிண்ட் போடுவாங்க, அப்போ ஓரங்கள் எல்லாம் தூக்கலா தெரியும். ஃபோட்டோஷாப் பண்றதும் அதேதான். இருட்டும் வெளிச்சமும் சேர்ற ஓரத்துல இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கும். அதுக்கு மேல ஒரு மாயமும் அதுல கிடையாது. ஃபோகஸ் தப்பின படத்துல இல்லாத விவரத்தை அது எங்க இருந்தும் கொண்டு வராது, ஓரத்தைச் சுத்தி ஒரு வெள்ளைக் கோட்டைத்தான் கொண்டு வரும்.

இப்போ கேஆர் மார்க்கெட்டுக்கு வரேன். மாடியில நின்னு கீழ பூக்கடைகளைப் பாத்து எடுக்கற படம் எல்லார்கிட்டயும் இருக்கும், என்கிட்டயும் இருக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து ராத்திரியே வண்டி வந்து இறங்கி, விடிய விடிய வியாபாரம் நடக்கும், பாதிக் குரல் தமிழ்லதான் கேக்கும். குவிச்சு வச்சிருக்கற செண்டுமல்லி ஆரஞ்சும் மஞ்சளும் கண்ணைப் பறிக்கும். அந்தப் படத்தை பிரிண்ட் போட்டா செண்டுமல்லி பூவாவே தெரியாது, ஆரஞ்சு களிமண்ணை அப்பி வச்ச மாதிரி இருக்கும். உடனே எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, இதழ் தெரியலயே, ஷார்ப்பனிங் பத்தலன்னு அமவுன்ட்டை 40ல இருந்து 100க்குத் தள்றாங்க. நூறுக்குத் தள்ளினாலும் இதழ் வராது. ஏன்னா அங்க சிவப்பு சேனல் அதோட உச்ச அளவான 255ல முட்டி நிக்குது, பக்கத்துப் பக்கத்து இதழ்களுக்கு நடுவுல வித்தியாசமே இல்ல, வித்தியாசம் இல்லாத இடத்துல ஷார்ப்பன் பண்ண என்ன இருக்கு? செய்ய வேண்டியது ஆரஞ்சு கலரோட லூமினன்ஸை, அதாவது வெளிச்சத்தை, கொஞ்சம் இறக்கறது, சாச்சுரேஷனையும், அதாவது நிறத்தோட அடர்த்தியையும், ஒரு பத்து பதினஞ்சு குறைக்கறது. குறைச்சதும் இதழ் ஒவ்வொண்ணா எழுந்து வரும், மடிப்புக்குள்ள இருக்கற நிழல் தெரியும், பூவுக்குப் பூ பிரிஞ்சு நிக்கும். ஸ்கிரீன்ல பாக்கும்போது கொஞ்சம் டல்லாதான் தெரியும், பேப்பர்ல வந்ததும்தான் அதோட அழகு புரியும். அந்தப் படத்துக்கு நான் கொடுத்த நேரத்துல பெரும்பங்கு இந்த ஆரஞ்சுக்குத்தான் போச்சு. அது முடிஞ்சப்புறம் ஷார்ப்பனிங் தானா சுலபமாயிடுச்சு.

அதனாலதான் வரிசையை மாத்தாதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். முதல்ல க்ராப், வெளிச்சம், கலர், நாய்ஸ்ங்கற பொடிப் புள்ளிகள். கடைசி சைஸுக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான் பிரிண்டுக்கான ஷார்ப்பனிங். முன்னாடியே போட்டுட்டு அப்புறம் படத்தைச் சின்னது பண்ணினாலோ பெருசு பண்ணினாலோ ஓரத்துல இருக்கற அந்த வெள்ளைக் கோடும் கூடவே சுருங்கும், கூடவே வீங்கும்.

ரேடியஸ், அதாவது ஓரத்துல இருந்து எத்தனை பிக்சல் தூரத்துக்கு ஷார்ப்பனிங் பரவணும்ங்கறது, எவ்ளோன்னு கேப்பீங்க. பிரிண்டோட பிபிஐயை, அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கறதை, 200ஆல வகுத்துக்கோங்கன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, 300க்கு 1.5 வரும். அங்க ஆரம்பிச்சு, இலை தழைன்னு பொடிப் பொடியா இருக்கற படத்துக்குக் கொஞ்சம் குறைச்சு, முகம் மாதிரி மென்மையான படத்துக்குக் கொஞ்சம் கூட்டி வைங்க, அவ்ளோதான். லைட்ரூம்லயே எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு இதுவும் தேவையில்ல, பேப்பரைத் தேர்ந்தெடுத்து ஸ்டாண்டர்ட்னு வச்சா பத்துக்கு ஒன்பது படம் சரியாவே வருது.

அடுத்தது ஜூம். உங்க மானிட்டர் 24 இன்ச் ஃபுல் எச்டின்னா அதுல ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல்தான். பிரிண்ட்ல ஒரு இன்ச்சுக்கு 300. அப்போ 100 சதவீத ஜூம்ல நீங்க பாக்கறது பிரிண்டை விட மூணு மடங்குக்கு மேல பெருசு. அந்த ஜூம்ல தெரியற நாய்ஸ், புள்ளி, ஓரத்துல ஒரு பிக்சல் மங்கல், இது எதுவுமே 8க்கு 12ல கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓவை 3200க்கு ஏத்தி எடுத்த படத்தை நாய்ஸ் நாய்ஸ்னு துடைச்சுத் துடைச்சு முகத்தை மெழுகு பொம்மை மாதிரி ஆக்கி பிரிண்ட் போடறாங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அந்த நாய்ஸை அப்படியே விட்டிருந்தா பேப்பர்ல லேசான ஒரு சொரசொரப்பா நின்னிருக்கும், படத்துக்கு உயிர் இருந்திருக்கும். பிரிண்ட் ஷார்ப்பனிங்கை 50 சதவீத ஜூம்ல பாத்து முடிவு பண்ணுங்க. ஸ்கிரீன்ல அது கொஞ்சம் கூடுதலா, லேசா உறுத்தற மாதிரி இருந்தா பேப்பர்ல சரியா இருக்கும், முக்கியமா மேட் பேப்பர்ல.

தூரமும் ஒரு விஷயம். மார்கழியில குனிஞ்சு கோலம் போடறவங்களுக்கு ஒவ்வொரு புள்ளியோட கோணலும் தெரியும், தெருவுல போறவங்களுக்குக் கோலம்தான் தெரியும். பிரிண்டும் அப்படித்தான். நல்ல கண்ணு பிரிச்சுப் பாக்கற அளவு ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்குன்னு சொல்வாங்க. அதைக் கணக்குப் போட்டா, புத்தகம் படிக்கற தூரத்துல, அதாவது 25 சென்டிமீட்டர்ல, சுமார் 350 பிபிஐ வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்னா 90 கூட தேவைப்படாது. 24 மெகாபிக்சல் கேமராவுல 6000க்கு 4000 பிக்சல், அதை 20க்கு 30 இன்ச்ல போட்டா சரியா 200 பிபிஐ வருது. சோபாவுக்கு மேல மாட்டறதுக்கு அது தாராளம். இதுக்குப் போய் ஏஐல நாலு மடங்கு பெருசாக்கிக்கிட்டு இருக்காங்க. அந்த சாஃப்ட்வேரை நான் குறை சொல்லல, நல்லா க்ராப் பண்ணின படத்துக்கு நிஜமாவே உதவும். ஆனா தூரத்துல இருக்கற கடை போர்டு, பஸ் மேல இருக்கற எழுத்து, கூட்டத்துல சின்னதா தெரியற முகம், இதை எல்லாம் ஒவ்வொண்ணா பாத்துட்டு அனுப்புங்க. எழுத்தே இல்லாத ஒரு எழுத்தையும், ஆள் மாதிரி இருக்கற ஆனா அந்த ஆள் இல்லாத ஒரு முகத்தையும் அது வரைஞ்சு வச்சிடும்.

முகம்னு வந்ததும் பாட்டி படம் ஞாபகம் வருது. சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல எடுத்தது, ஜன்னல் ஓரமா உக்காந்து ஆசீர்வாதம் பண்ண அட்சதையை உள்ளங்கையில வச்சுக்கிட்டு காத்திருக்காங்க. மூக்குத்தி, அரக்கு கலர் காஞ்சிபுரம் பட்டு, கன்னத்துல சுருக்கம். இந்தப் படத்துக்கு மொத்தமா ஒரே ஷார்ப்பனிங் போட்டா என்ன ஆகும்னா, ஜரிகை பார்டர் முழுக்க வெள்ளை வெள்ளையா பொரிஞ்ச மாதிரி மின்னும், மூக்குத்திக் கல்லைச் சுத்தி ஒரு வளையம் விழும், கன்னத்துல தோலோட ஒவ்வொரு துளையும் எழும்பி வரும். லைட்ரூம்ல மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் கீயை அமுக்கிக்கிட்டு நகர்த்துங்க, படம் கறுப்பு வெள்ளையா மாறும், வெள்ளையா இருக்கற இடத்துல மட்டும்தான் ஷார்ப்பனிங் விழும். கன்னம் முழுசா கறுப்பாகி, கண்ணு, புருவம், உதட்டோரம், மூக்குத்தி மட்டும் வெள்ளையா நிக்கற வரைக்கும் நகர்த்தினேன். அப்புறம் ரெண்டு கண்ணுக்கும் அந்த அட்சதைக்கும் மட்டும் பிரஷ்ல லேசா கூட்டினேன், ஜரிகைக்கு பிரஷ்லயே குறைச்சேன். இந்த வேலைக்கு ஆகற நேரத்தை நான் கணக்கே பாக்க மாட்டேன். பாட்டியோட கண்ணுல ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியா விழுந்திருக்கு, பிரிண்ட்ல அந்தப் புள்ளி தெரியணும். சுருக்கத்தை அழிக்கறதுக்கு மட்டும் ஒரு நிமிஷம் கூட கொடுக்காதீங்க. அந்த முகத்துல அது இல்லன்னா அது நம்ம பாட்டி இல்ல.

ஃபோன்ல எடுத்த படத்தை பிரிண்ட் போடறவங்க ஷார்ப்பனிங் பக்கமே போகாதீங்க. ஃபோனே ஏற்கெனவே அள்ளிப் போட்டுத்தான் கொடுக்குது. பிரிண்ட் போடற லேப்புக்கு அனுப்பும்போது வாட்ஸாப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க, அது போதும்.

பிரிண்ட் இருட்டா வந்துடுச்சுன்னு சொல்றவங்கதான் அதிகம், அதுக்கு முக்கால்வாசி காரணம் மானிட்டர். கடையில வாங்கின வெளிச்சத்துலயே, எல்லாம் முழுசா ஏத்தி வச்ச ஸ்கிரீன்ல, விளக்கை அணைச்சுட்டு ராத்திரி எடிட் பண்ணினா படம் பளிச்சுன்னுதான் தெரியும். ஸ்கிரீன் தானா ஒளி விடுது, பேப்பர் அறையில இருக்கற வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். பிரிண்ட் வேலைக்கு மானிட்டர் வெளிச்சத்தை சதுர மீட்டருக்கு 80ல இருந்து 120 கேண்டெலா வரைக்கும் வைக்கச் சொல்வாங்க. அளக்கற கருவி இல்லாதவங்க ஒரு வெள்ளை ஏ4 பேப்பரை மானிட்டர் பக்கத்துல பிடிச்சு, ஸ்கிரீன்ல ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சமா தெரியற வரைக்கும் பிரைட்னஸை இறக்குங்க. இந்த ஒரு வேலைக்குக் கொடுக்கற ரெண்டு நிமிஷம் மாசக்கணக்கா எடிட்டிங் நேரத்தை மிச்சம் பண்ணும். அதோட மாட்டப் போற ஹால்ல மஞ்சள் எல்இடியா, பால்கனி பக்கம் வெளிச்சமான்னும் பாருங்க. இருட்டான நடைவழியில மாட்டற படத்தோட வெளிச்சத்தை அரை ஸ்டாப் தூக்கி அனுப்பினாதான் நிழல் பக்கம் ஏதாவது தெரியும்.

சிவாஜிநகர் பக்கம் நான் போற லேப்ல மெஷின்ல உக்கார்ற அண்ணன் வேலூர்க்காரர், வருஷக்கணக்கா இதே வேலை. ஒரு நாள் என் ஃபைலைத் திறந்து பாத்துட்டு, "தம்பி, நீங்களே ஷார்ப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கீங்க போல, அப்ப நான் நம்மது ஆட்டோவை எடுத்துடறேன், இல்லன்னா ரெண்டும் சேந்து முள்ளு முள்ளா வந்துடும்"னார். எல்லா லேப்லயும் இப்படிச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். பெரும்பாலான மினிலேப் மெஷின்ல தானா வெளிச்சத்தையும் கூர்மையையும் சரி பண்ற வசதி ஆன்ல இருக்கும். கல்யாண வீட்டு நூறு படத்துக்கு அது வசதிதான், நாம ஒரு மணி நேரம் உக்காந்து பண்ணின படத்துக்கு அது வேண்டாம். "கரெக்ஷன் எதுவும் வேணாம், அப்படியே போடுங்க"ன்னு சொல்லிடுங்க. ஃபைல் எல்லா லேப்லயும் புரியற எஸ்ஆர்ஜிபி கலர் வகையில, 300 பிபிஐயில (20க்கு 30 மாதிரி பெருசுன்னா 200 போதும்), சரியான இன்ச் அளவுல இருக்கணும். அடோப் ஆர்ஜிபிங்கற இன்னொரு கலர் வகையில கொடுத்தா அதைக் கவனிக்காத லேப்ல கலர் செத்துப்போய் வரும், அப்புறம் அவங்க மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல.

டெஸ்ட் பிரிண்டுக்கு அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்த வழியைத்தான் இன்னும் செய்யறேன். 20க்கு 30 படத்தை கடைசி சைஸுக்கு மாத்திட்டு, அதுல இருந்து முக்கியமான ஒரு துண்டை, முகமோ பூவோ, 4க்கு 6 அளவுக்கு வெட்டி அந்தத் துண்டை மட்டும் போடுங்க. மேக்ஸி சைஸ்னு சொல்ற இந்த 4க்கு 6 பிரிண்ட் ஒண்ணுக்கு ஆகற செலவுல, பெரிய பிரிண்ட்ல அந்த இடம் எப்படி இருக்கும்னு அப்படியே கையில வந்துடும். ஷார்ப்பனிங் கம்மியா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, அதிகமா ஒண்ணுன்னு மூணு துண்டு போட்டு சுவர்ல பக்கம் பக்கமா ஒட்டி, மாட்டப் போற தூரத்துல நின்னு பாத்தா எதுன்னு உடனே தெரிஞ்சிடும். ஸ்கிரீன் முன்னாடி ரெண்டு மணி நேரம் உக்காந்து யோசிக்கறதை இந்த மூணு துண்டு முடிச்சுக் கொடுத்துடும்.

இதைச் சொல்றதால அதிக நேரம் எடுத்துக்கறதே தப்புன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்க போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ் 1941ல நியூ மெக்சிகோவுல ஒரு ஊருக்கு மேல நிலா எழறதை எடுத்தாரே, அந்த ஒரே நெகட்டிவ்ல இருந்து வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேல பிரிண்ட் போட்டிருக்கார். ஆரம்பத்துல போட்டதுல வானம் சாம்பலா, மேகத்தோட இருக்கும், பின்னாடி போட்டதுல வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அந்த நேரம் எல்லாம் போனது வானம் எவ்ளோ இருட்டா இருக்கணும், கல்லறைச் சிலுவைங்க மேல வெளிச்சம் எவ்ளோ நிக்கணும்ங்கற கேள்விக்கு. அந்த மாதிரி கேள்வி ஒரு படத்துல இருந்தா ராத்திரி பூரா உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அப்படி எதுவும் இல்லாம டீடெய்ல் ஸ்லைடரை 25ல வைக்கறதா 30ல வைக்கறதான்னு உக்காந்திருந்தா மூடி வச்சுட்டுத் தூங்கப் போங்க. காலையில காபி குடிச்சுட்டு முழுப் படமா, ஜூம் பண்ணாம ஒரு தடவை பாருங்க. முதல் பார்வையில கண்ணு எங்க போகுதோ அங்க போக வேண்டியதுதானான்னு மட்டும் பாருங்க. போகக் கூடாத இடத்துக்குப் போச்சுன்னா, பின்னாடி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கவரோ டியூப்லைட்டோ இழுக்குதுன்னா, அதைக் கொஞ்சம் இருட்டாக்குங்க. அங்க போடற அஞ்சு நிமிஷம் மொத்தப் படத்தையும் மாத்தும்.

கடைசியா ஃபைல் வைக்கறது பத்தி. எடிட் எல்லாம் முடிஞ்சு, பிரிண்ட் ஷார்ப்பனிங் மட்டும் போடாத ஒரு டிஃப் (TIFF) ஃபைலை தனியா வச்சுக்கோங்க, அதுதான் உங்க மூலம். அதுல இருந்து சைஸுக்கும் பேப்பருக்கும் ஏத்த மாதிரி காப்பி எடுத்து ஷார்ப் பண்ணி, பேர்லயே சைஸையும் பேப்பரையும் போட்டு சேவ் பண்ணுங்க, பாட்டி 12க்கு 18 மேட், பாட்டி 8க்கு 12 லஸ்டர்னு (லேசா பளபளக்கற பேப்பர்). பாட்டி படத்தை ஒரு கல்யாணத்துல பாத்துட்டு கோயம்புத்தூர் அத்தை ஒண்ணு, சென்னை சித்தி ஒண்ணு, ஆளுக்கு ஒரு சைஸ் கேட்டாங்க. மூல ஃபைல் இருந்ததால ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு, அன்னிக்கே லேப்புக்கு அனுப்பிட்டேன்.